அதே கை, அதே ஆக்‌ஷன். பந்து மாறினால் ஸ்விங் எங்கே போகிறது?

#1 | புதுப்பந்து

வலது கை பவுலர், வேகம் 120-125 கி.மீ. எஸ்ஜி நிறுவனத்தின் சிவப்புப் பந்தில் அவுட்ஸ்விங் (காற்றிலேயே வளைந்து பேட்ஸ்மேனை விட்டு விலகுவது) அழகாக வருகிறது. அதே ஆளிடம் கூக்கபுரா நிறுவனத்தின் வெள்ளைப் பந்தைக் கொடுத்தால் முதல் மூன்று ஓவர் ஏதோ போகிறது, அப்புறம் கோடு போட்ட மாதிரி நேராக. ரன்னப், கை, மணிக்கட்டு எதையும் மாற்றவில்லை என்கிறார். குற்றம் பந்திலா, கையிலா?

கூடவே இன்னொரு சந்தேகம். ரிவர்ஸ் (வழக்கத்துக்கு எதிர்த் திசையில் ஸ்விங்) ஆகும்போது பந்து பளபளப்பான பக்கம் போகும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. சொரசொரப்பான பக்கம் முன்னால் இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். எது சரி?

#2 | மூணாவது_ஸ்லிப்

பெரும்பாலும் இரண்டிலும்தான். எஸ்ஜி பந்து கையின் தப்பை மறைத்துக்கொடுக்கும், வெள்ளைப் பந்து மறைக்காது. தையல் எடுப்பாக இருக்கும் பந்தில் அது கொஞ்சம் ஆடினாலும் வேலை நடந்துவிடும். தையல் அமுங்கிய பந்தில் அது ஆடாமல் நின்றால்தான் ஏதாவது நடக்கும். அதனால் பந்தைத் திட்டுவதற்கு முன்னால் தையல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் பிடி:

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரு பக்கமும், நடுவே ஒரு விரல் அகலம்கூட இடைவெளி வேண்டாம். கட்டைவிரலின் பக்கவாட்டு ஓரம் அடியில் தையல் மேலேயே இருக்க வேண்டும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். உள்ளங்கையில் புதைத்துப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், பந்து பின்சுழற்சியே இல்லாமல் வெளியேறும். தையல் முதல் ஸ்லிப்பைப் பார்க்கட்டும், சாய்வு 20 டிகிரிக்குள். பளபளப்பான பக்கம் லெக் சைடில்.

வெளியேற்றும்போது மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும், இரண்டு விரலும் ஒரே நேரத்தில் தையலைக் கீழ்நோக்கி இழுத்துவிட வேண்டும். ஒரு விரல் முந்தினால் தையல் ஆட ஆரம்பிக்கும்.

வழக்கமான தப்புகள்: கட்டைவிரல் பக்கவாட்டில் ஏறிவிடுவது (பந்து கட்டர் மாதிரி, அதாவது விரலால் பக்கவாட்டில் அறுத்துவிட்ட மாதிரி உருளும்). அவுட்ஸ்விங் வர வேண்டும் என்ற ஆசையில் மணிக்கட்டைத் திருப்புவது. இதைச் செய்தால் தையல் கவிழ்ந்து சோசர் மாதிரி பறக்கும், ஸ்விங் பூஜ்ஜியம். மூன்றாவது, இடது கையைச் சீக்கிரம் இறக்கிவிடுவது. அப்போது உடம்பு ஆஃப் பக்கம் சரிந்து, வீசும் கை நேர்கோட்டைத் தாண்டிச் சாய்ந்துவிடும். கையோடு தையலும் சாயும்.

#3 | காற்றுக்கணக்கு

பிடியை மூணாவது_ஸ்லிப் சொல்லிவிட்டார். காற்றில் நடப்பதை நான் சொல்கிறேன், வெள்ளைப் பந்து விவகாரத்துக்கு இது தேவை.

பறக்கும் பந்தின் மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டி ஓடுகிறது. வழவழப்பான பக்கத்தில் அது அமைதியாக ஓடி, சீக்கிரமே பந்தை விட்டுப் பிய்ந்துகொள்ளும். சாய்ந்த தையல் இருக்கும் பக்கத்தில் தையல் தட்டி, படலம் கலங்கிவிடும். கலங்கிய காற்று பந்தை விடாமல் இன்னும் பின்பக்கம் வரை ஒட்டிப் போகும். ஒரு பக்கம் சீக்கிரம் பிரிவு, மறுபக்கம் தாமதமாகப் பிரிவு. பின்னால் இழுபடும் காற்று ஒரு பக்கமாகத் திரும்புகிறது, அதற்கு எதிர்ப்பக்கமாகப் பந்து தள்ளப்படுகிறது. விளைவு, தையல் பார்க்கும் திசையில் பந்து போகிறது.

இதில் பளபளப்பின் வேலை ஒன்றே ஒன்றுதான்: தையல் இல்லாத பக்கத்தின் காற்றைக் கலங்காமல் பார்த்துக்கொள்வது. திசையைச் சொல்வது தையல். புதுப் பந்தின் இரண்டு பக்கமும் பளபளப்பு, அப்படியிருந்தும் அதுதான் அதிகம் ஸ்விங் ஆகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு விலகும்? கணக்குப் போடலாம். நன்றாக வீசப்பட்ட பந்தில் பக்கவாட்டு விசை பந்தின் எடையில் ஏறத்தாழ 0.3 பங்கு வரை வரும், அதாவது விநாடிக்கு விநாடி 3 மீட்டர் முடுக்கம். 126 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 35 மீட்டர். கையிலிருந்து மட்டை வரை ஏறத்தாழ 17.5 மீட்டர், அரை விநாடிப் பயணம்.

முதல் கால் விநாடியில் விலகல்: 9 செ.மீ.
அரை விநாடி முடிவில் மொத்தம்: 37 செ.மீ.
கடைசி பத்தில் ஒரு பங்கு விநாடியில் மட்டும்: 13 செ.மீ.

மட்டையின் அகலம் விதிப்படி அதிகபட்சம் 10.8 செ.மீ. கடைசி நொடியில் பந்து விலகியது என்கிறோமே, அதற்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை. விசை ஒரே அளவுதான், விலகல் நேரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது, அவ்வளவுதான்.

#4 | ஃபைன்லெக்

கணக்கு சரி. ஆனால் 17.5 மீட்டரும் காற்றில் பறப்பது ஃபுல் டாஸ் மட்டும்தானே? குட் லெங்த் பந்து முன்னாடியே தரையைத் தொட்டுவிடுமே.

#5 | காற்றுக்கணக்கு

சரியான கேள்வி. ஸ்விங் பவுலருக்கு முழுசாகப் போடு (பேட்ஸ்மேனுக்கு அருகில் விழவை) என்று சொல்வதன் காரணமே இதில்தான் இருக்கிறது. 12.5 மீட்டரில் விழும் பந்துக்கு காற்றில் 0.36 விநாடிதான். விலகல் 19 செ.மீ. இன்னும் மூன்று மீட்டர் தள்ளி 15.5 மீட்டரில் விழுந்தால் 0.44 விநாடி, விலகல் 29 செ.மீ. மூன்று மீட்டருக்கு 10 செ.மீ. லாபம், கிட்டத்தட்ட ஒரு மட்டை அகலம்.

தரையில் பட்ட பிறகும் பந்து அதே சாய்கோட்டில் விலகிக்கொண்டே போகும்தான். ஆனால் புதிதாக வளையாது. எட்ஜ் வாங்கிக்கொடுப்பது அந்த வளைவு. பேட்ஸ்மேன் காலை முன்னால் வைத்து முடிவெடுத்த பிறகும் அது மிச்சம் இருக்க வேண்டும்.

#6 | புதுப்பந்து

அப்படியானால் வேகத்தைக் கூட்டினால் ஸ்விங்கும் கூடுமா? பவுலர் அதைத்தான் முயற்சி செய்கிறார்.

#7 | காற்றுக்கணக்கு

கூடாது, குறையும். வழக்கமான ஸ்விங் 110 கி.மீ. பக்கம் உச்சத்தில் இருக்கும். 130-ஐத் தாண்டும்போது வழவழப்பான பக்கத்துக் காற்றும் தானாகவே கலங்க ஆரம்பிக்கும், இரு பக்கத்துக்கும் வித்தியாசம் குறையும். 120-125-ல் வீசுகிறவர் வசதியான இடத்தில்தான் இருக்கிறார். கூடுதல் வேகத்துக்காகத் தோளை இழுத்தால் மணிக்கட்டு கலையும், உள்ளதும் போய்விடும்.

பின்சுழற்சி பற்றியும் ஒரு வார்த்தை. தையலை நிலையாக வைத்திருப்பது அதுதான், பம்பரம் சுற்றும்வரை நிற்கிற மாதிரி. காற்றுச்சுரங்கச் சோதனைகளில் விநாடிக்கு 11 சுற்று பக்கம் நல்ல பலன் கொடுத்தது. அதைவிடக் குறைந்தால் தையல் தள்ளாடும்.

#8 | தையல்காரர்

பந்தைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்கள் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. விதி இவ்வளவுதான் பிடித்து வைத்திருக்கிறது. தையல் எவ்வளவு உயரம், நூல் எவ்வளவு தடிமன், மேல்பூச்சு எத்தனை அடுக்கு என்பதிலெல்லாம் தயாரிப்பாளருக்கு நிறைய இடம் உண்டு. ஒரே விதிக்குள் எஸ்ஜி, டியூக்ஸ், கூக்கபுரா என்று மூன்று நிறுவனத்தின் மூன்று விதப் பந்து உலாவுவது அதனால்தான்.

உள்ளே தக்கை மையம், அதன்மேல் இறுக்கிச் சுற்றிய நூல், அதன்மேல் தோல். நான்கு துண்டுப் பந்தில் ஒவ்வொரு அரைக்கிண்ணமும் இரண்டு துண்டுத் தோலை உள்பக்கமாகத் தைத்துச் செய்தது. அந்த உள்தையல் வெளியே மெல்லிய கோடாகத் தெரியும். ஒரு பாதியின் கோடும் மறு பாதியின் கோடும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். இரு பாதியையும் சேர்க்கும் பெரிய தையலில் ஆறு வரிசை. இரண்டு துண்டுப் பந்தில் அந்த உள்தையல் கிடையாது, கன்னம் (தையலின் இரு பக்கத்துத் தோல்) இரண்டும் ஒரே வழவழப்பு, அதனால் புதிதில் நன்றாகவே ஸ்விங் ஆகும். ஆனால் வடிவம் சீக்கிரம் கெடும்.

எஸ்ஜியும் டியூக்ஸும் ஆறு வரிசையும் கையால் தைத்தவை. கூக்கபுராவில் வெளி வரிசைகள் இயந்திரத் தையல். கைத்தையல் நூல் தோலை இறுக்கிப் பிடித்து மேட்டை நிமிர்த்தியே வைத்திருக்கும். இயந்திர வரிசைகள் இருபது, முப்பது ஓவரில் அமுங்கித் தோலோடு தோலாகிவிடும். அதற்கப்புறம் காற்றைத் தட்டிவிட மேடே இல்லை, ஸ்விங் எங்கிருந்து வரும்?

எஸ்ஜியில் நூல் தடிமன், வரிசைகள் நெருக்கம், மேடு எடுப்பு. அதனால் சுழற்பந்துக்காரர்களுக்கு விரல் நன்றாகப் பிடிக்கும். பளபளப்பு மட்டும் வறண்ட மைதானத்தில் சீக்கிரம் போய்விடும். டியூக்ஸின் தோல் எண்ணெய்ப் பசை ஏற்றியது. தேய்க்கத் தேய்க்க மினுக்கம் திரும்பி வரும், அதனால் ஐம்பது ஓவர் தாண்டியும் ஸ்விங் கிடைக்கும். டியூக்ஸ் இங்கிலாந்து, வெஸ்ட் இண்டீஸ், அயர்லாந்தில். எஸ்ஜி இந்தியாவில். மற்ற இடமெல்லாம் கூக்கபுரா. 2018-ல் விராட் கோலி டெஸ்ட் எல்லாவற்றுக்கும் டியூக்ஸே போதும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2025 இங்கிலாந்துத் தொடரில் அதே டியூக்ஸ் வடிவம் கெட்டு அடிக்கடி மாற்ற வேண்டிவந்தது. ஆக, குறையில்லாத பந்து என்று ஒன்று கிடையாது.

வெள்ளைப் பந்து தனி ஜாதி. சிவப்புத் தோலுக்குச் சாயம் உள்ளே இறங்கியிருக்கும். வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் நிறம் மேல்பூச்சுதான், அதன்மேல் பாதுகாப்புக்கு இன்னொரு பூச்சு. அந்தப் பூச்சு புதிதில் கண்ணாடி மாதிரி இருக்கும், முதல் சில ஓவர் ஸ்விங் அதனால்தான். பூச்சு உரிந்துபோனால் அடித்தோலைத் தேய்த்து மினுக்க முடியாது. சிவப்பில் தேய்த்தால் பலன் உண்டு, வெள்ளையில் இருப்பதைக் காப்பாற்றுவது மட்டும்தான்.

#9 | புதுப்பந்து

> பூச்சு உரிந்துபோனால் அடித்தோலைத் தேய்த்து மினுக்க முடியாது

ஆக மூன்று ஓவரோடு ஸ்விங் நிற்பது இயல்புதானா?

#10 | தையல்காரர்

மூன்று ஓவர் என்பது குறைவு. ஐந்தாறு ஓவராவது போக வேண்டும். மீதியைக் கையில் தேடுங்கள்.

#11 | மூணாவது_ஸ்லிப்

தேடும் வழி. பணம் செலவில்லாதது.

பாதிக்குப் பாதி இரண்டு நிறமுள்ள பயிற்சிப் பந்து இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய பந்தின் ஒரு கன்னத்தில் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்கையைத் தரையில் ஊன்றி, மணிக்கட்டால் மட்டும் பந்தை நேர்மேலே ஒரு மீட்டர் சுண்ட வேண்டும். இரண்டு நிறத்துக்கும் நடுவிலுள்ள கோடு கத்தி மாதிரி நின்றால் விரல்கள் சரி. நிறம் இரண்டும் கலந்து குழம்பினால் ஒரு விரல் முந்துகிறது. இருபது முறை சுண்டினால் பதினைந்து முறையாவது சுத்தமாக வர வேண்டும், அதற்கப்புறம் நின்று சுண்டுவது, பிறகு நடந்து வந்து வீசுவது, கடைசியில் முழு ரன்னப். படுத்துச் சுண்டும்போது சரியாக இருந்து ஓடி வரும்போது கெட்டால் தப்பு விரலில் இல்லை, தோளிலோ முன்கையிலோ இருக்கிறது.

போனில் விநாடிக்கு 240 பிரேம் வைத்து, நடுவர் நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நேர்கோட்டில் நின்று எடுங்கள். பந்து விநாடிக்கு 11 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 22 பிரேம் வரும். 40 பிரேமுக்கு ஒரு சுற்று என்றால் பின்சுழற்சி போதவில்லை: பிடி இறுக்கம், அல்லது மணிக்கட்டு பின்னால் மடங்கவே இல்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவை வைத்து தையலைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அதில் தையல் சாய்வு தெரியாது.

#12 | ஃபைன்லெக்

தையல் நின்றே ஆக வேண்டும் என்று இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறீர்கள். ஆனால் இன்றைக்கு டெஸ்டில் நிறைய விக்கெட் வாபிள் சீமில்தானே விழுகிறது? தையலை வேண்டுமென்றே ஆடவிடுகிறார்கள். 2010-ல் பாகிஸ்தானின் முகமது ஆசிஃப் வீசியதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனே அதைக் கற்றுக்கொண்டார்.

#13 | மூணாவது_ஸ்லிப்

ஃபைன்லெக் அண்ணா, அது ஸ்விங்குக்கான பந்தே இல்லை. காற்றில் எதுவும் நடக்காத பந்திலும் பிட்சிலும் வாழ்வதற்கு அது. இரண்டு விரலையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகட்டி, பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டை இறுக்காமல் விட்டால், தையல் இரு பக்கமும் லேசாக அசைந்துகொண்டே போகும். தையலின் ஒரு ஓரம் தரையில் பட்டால் உள்ளே, மறு ஓரம் பட்டால் வெளியே, தோலே பட்டால் நேராக. எது வரும் என்று பவுலருக்கே தெரியாது, பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அசைவு சிறிதாக இருக்க வேண்டும். அளவு மீறினால் தையல் தரையில் படுவதே அபூர்வமாகி, வெறும் நேர்ப்பந்தாகிவிடும்.

தையலை நிறுத்தத் தெரிந்தவன் ஆட்டுவது வேறு, நிறுத்தத் தெரியாமல் ஆடுவது வேறு. நம் பவுலர் இரண்டாவது வகை என்றுதான் என் சந்தேகம்.

#14 | ஃபைன்லெக்

ஒத்துக்கொள்கிறேன். அப்படியே ரிவர்ஸ் கேள்விக்கும் யாராவது வாருங்கள். வர்ணனையில் வருஷக்கணக்காக ‘பளபளப்பான பக்கம் போகும்’ என்றுதான் கேட்கிறோம்.

#15 | காற்றுக்கணக்கு

பளபளப்பை வைத்து விளக்க ஆரம்பித்தால் குழப்பம் தீராது. தையல் எங்கே பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் தெளிவாகிவிடும். இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் கூப்பிடுகிறோம்.

ஒன்று, தையல் சாய்ந்திருக்கும் ரிவர்ஸ். வேகம் அதிகம் என்பதால் இரண்டு பக்கத்துக் காற்றுமே தையலை அடைவதற்குள் கலங்கிவிடுகிறது. இப்போது தையல் உதவி செய்யாது, உபத்திரவம் செய்யும். அதன் பக்கத்துப் படலத்தைத் தடிமனாக்கி, சீக்கிரம் பிரித்துவிடும். ஆகவே பந்து தையல் பார்க்கும் திசைக்கு எதிராகப் போகும். தையல் ஸ்லிப்பைக் காட்டும், பந்து உள்ளே வரும். புதுப் பந்தில் இது நடக்க 145 கி.மீ. பக்கம் வேகம் வேண்டும். பழைய பந்தில் சொரசொரப்பான கன்னம் பேட்ஸ்மேனைப் பார்த்தபடி முன்னால் இருந்தால், அந்தச் சொரசொரப்பே காற்றைச் சீக்கிரம் கலக்கிவிடும், அதனால் குறைந்த வேகத்திலும் ரிவர்ஸ் கிடைக்கும். ‘சொரசொரப்பு முன்னால்’ என்ற கூட்டம் சொல்வது இதை. நாசாவில் இருந்த ராபி மேத்தா காற்றுச்சுரங்க ஆய்வுகளோடு விளக்கி எழுதியதும் இதைத்தான்.

இரண்டாவது, தையல் நேராக நிற்க, ஒரு கன்னம் வழவழ, மறு கன்னம் சொரசொர. இங்கே திசையைத் தீர்மானிப்பது கன்னங்கள். வேகம் குறைவாக இருந்தால் பந்து சொரசொரப்பான பக்கம் போகும். வேகம் கூடினால் வழவழப்பான பக்கம் போகும். அதே பிடி, அதே பந்து, திசை மட்டும் வேகத்தால் மாறும். வேகப்பந்துக்காரர்களைப் பார்த்தே பேசும் வர்ணனையாளர்களுக்கு ‘பளபளப்பு பக்கம்’ என்பது இங்கே பொருந்திவிடுகிறது.

ஆக இரண்டு கூட்டமும் சரி, பேசுவது வேறு வேறு பந்தைப் பற்றி.

#16 | தையல்காரர்

இதில் வரலாறு ஒரு வரி: பாகிஸ்தானின் சர்ஃப்ராஸ் நவாஸ் கைக்கொண்ட வித்தை, அவரிடமிருந்து இம்ரான் கான், பிறகு வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ். வறண்ட பிட்சும் புல் குறைந்த அவுட்ஃபீல்டும் பந்தின் ஒரு கன்னத்தைத் தானே சிராய்த்துவிடும் நாட்டில் அது பிறந்ததில் ஆச்சரியமில்லை.

ஒருநாள் போட்டியில் அது ஏன் செத்தது என்பதற்கும் பந்துதான் காரணம். 2011 அக்டோபரிலிருந்து இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து. இன்னிங்ஸ் முடியும்போது எந்தப் பந்துக்கும் 25 ஓவருக்கு மேல் வயது இல்லை. 2025 ஜூலையில் ஆண்கள் ஒருநாள் விதி மாறியது. 34 ஓவர் வரை இரண்டு பந்து, அதற்கப்புறம் அதில் ஒன்றை பீல்டிங் அணி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தப் பந்து 17 ஓவர் வயதில் தேர்வாகி, 33 ஓவர் வயதில் முடியும். எட்டு ஓவர் கூடுதல் என்பது சிராய்ப்புக்குப் பெரிய வித்தியாசம்.

#17 | நடுவர்_தொப்பி

பந்தைப் பராமரிப்பது பற்றிப் பேச்சு வரும் முன்னால் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் விதி 41.3. பந்தைத் துணியில் தேய்க்கலாம், வியர்வை தடவலாம். எச்சில் கூடாது: 2020-ல் தற்காலிகத் தடை, 2022 அக்டோபரிலிருந்து நிரந்தரம். (ஐபிஎல் 2025-ல் தன் போட்டிக்கு மட்டும் அந்தத் தடையை நீக்கியது.) சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, மிட்டாய் எச்சில் எல்லாம் செயற்கைப் பொருள் கணக்கில் வரும். ஈரமானால் துண்டால் துடைக்கலாம், சேறு ஒட்டினால் எடுக்கலாம், ஆனால் சேற்றை நடுவர் பார்வையில்தான் எடுக்க வேண்டும். நகத்தால் தையலைத் தூக்குவது, வேண்டுமென்றே தரையில் தேய்ப்பது இதெல்லாம் ஐந்து ரன் தண்டனை, பந்தும் மாறும். ஒரு பவுன்ஸில் கீப்பருக்கு எறிவது குற்றம் இல்லை. ஆனால் இருபது அடியிலிருந்தும் அப்படியே எறிந்தால் நடுவர் கூப்பிட்டுப் பேசுவார்.

#18 | மூணாவது_ஸ்லிப்

எல்லைக்குள் செய்யக்கூடியதே ஏராளம் இருக்கிறது, பெரும்பாலான அணிகள் அதையும் செய்வதில்லை.

முதல் ஓவருக்கு முன்னாலேயே எந்தக் கன்னத்தை மினுக்குவது என்று முடிவெடுங்கள். உள்தையல் கோடு தட்டையாக, இறுக்கமாக இருக்கும் பாதியைத் தேர்ந்தெடுக்கலாம். கோடு துருத்தியிருக்கும் பாதி எப்படியும் சீக்கிரம் சிராயும், அது சொரசொரப்புக்கு ஆகட்டும். பதினொரு பேருக்கும் அது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். ஒருவர் மறந்து எதிர்ப்பக்கத்தைத் தேய்த்தால் ஐந்து ஓவர் உழைப்பு போச்சு.

மறு கன்னத்தில் ஈரமே படக்கூடாது. பந்தை பீல்டர் கையில் வாங்கினால் தையலை இரண்டு விரலால் பிடித்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், உள்ளங்கையில் உருட்டக் கூடாது. உள்ளங்கை வியர்வை இரண்டு கன்னத்திலும் சமமாக ஏறினால் ரிவர்ஸ் அங்கேயே முடிந்தது. கை அதிகம் வியர்க்காத ஒருவரிடம் பந்தை ஒப்படைத்துவிடுவது நல்ல அணிகளின் பழக்கம்.

தேய்க்கும்போது விரல் நுனியில் வியர்வை, தொடையில் துணியை இறுக்கி, நீள வாக்கில் வேகமாக. சூடு வர வேண்டும். டியூக்ஸ் மாதிரி எண்ணெய்த் தோலில் சூடு உள்ளே இருக்கும் பசையை மேலே கொண்டுவரும். பந்தை லேசாகத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பது பார்க்க நன்றாக இருக்கும், பலன் இல்லை.

#19 | தூக்கிப்போடு

வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தையலின் உண்மையான வாடிக்கையாளர்கள் நாங்கள்.

ஆஃப்ஸ்பின்னருக்குப் பிடி: ஆள்காட்டி விரலின் மேல்மூட்டு தையல் மேல், நடுவிரல் அகன்று, மோதிர விரல் பந்தைத் தாங்க மட்டும். தையல் லெக் ஸ்லிப் பக்கம் பார்க்கும்படி சுழற்ற வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்று, 85 கி.மீ. வேகம் என்றால் பந்து பேட்ஸ்மேனை அடைவதற்குள் ஏறத்தாழ 25 சுற்று. அந்தச் சுழற்சி காற்றிலேயே வேலை செய்யும்: பந்து ஸ்லிப் பக்கம் மிதந்து, அப்புறம் தரையில் பட்டு உள்ளே திரும்பும். பேட்ஸ்மேன் மிதப்பைத் தொடர்ந்து போய் வாசலைத் திறந்துவிடுவார்.

தரையில் எவ்வளவு திரும்பும் என்பது தையல் படுகிறதா, தோல் படுகிறதா என்பதைப் பொறுத்தது. எஸ்ஜி மாதிரி மேடு எடுப்பான பந்தில் தையல் பட்டால் கடித்துத் திரும்பும். அதே கையில், அதே வேகத்தில் தோல் பட்டால் வழுக்கி நேராகப் போய் எல்பிடபிள்யூ. ரவீந்திர ஜடேஜாவின் பாதி ஆபத்து இதில்தான். திரும்பும் பந்தும் திரும்பாத பந்தும் கையிலிருந்து ஒரே மாதிரிதான் வரும்.

கூக்கபுரா அமுங்கிய பிறகு சுழற்பந்துக்காரர் தையலை நம்பி இருக்க முடியாது. மிதப்பிலும் பவுன்ஸிலும் சம்பாதிக்க வேண்டும். இந்தியாவில் கொத்துக் கொத்தாக விக்கெட் எடுத்துவிட்டு வெளிநாட்டில் திணறும் விரல் சுழற்பந்துக்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் பந்தையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

#20 | ஃபைன்லெக்

மேகமூட்டம் பற்றி ஒரு வார்த்தை? ஈரக் காற்று கனமானது, அதனால் ஸ்விங் கூடுகிறது என்பார்களே.

#21 | காற்றுக்கணக்கு

ஈரக் காற்று கனமானது அல்ல, லேசானது. நீராவி மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29. ஈரம் ஏற ஏற அடர்த்தி குறையும். அதனால் அந்த விளக்கம் தலைகீழ். வெயில் அடிக்காத நாளில் தரையிலிருந்து சூடான காற்று எழும்பிக் குழப்புவது குறைவு என்பது ஓரளவு நியாயமான விளக்கம். ஆனால் மேகத்தைப் பார்த்ததும் பவுலர்கள் முழுசாகப் போட ஆரம்பிக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். #5-ல் போட்ட அந்த 10 செ.மீ. அங்கேயே வந்துவிடும்.

#22 | புதுப்பந்து

அனைவருக்கும் நன்றி. #11-ல் சொன்னபடி வீடியோ எடுத்தாயிற்று. நடுவர் இடத்துக்குப் பின்னாலிருந்து, 240 பிரேம். எஸ்ஜியில் ஒரு சுற்றுக்கு 24 பிரேம், தையல் நிற்கிறது. வெள்ளைப் பந்தில் 37 பிரேம், கோடு இரண்டு பக்கமும் ஆடுகிறது. பிடியைப் பார்த்தால் வெள்ளைப் பந்தில் கட்டைவிரல் தையலை விட்டு ஒரு செ.மீ. பக்கவாட்டில் ஏறியிருக்கிறது.

#23 | தையல்காரர்

பூச்சு வழுக்குகிறது, அதனால் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கப் பார்க்கிறது. எஸ்ஜியில் தையல் மேடே விரலைத் தாங்கிவிடும், இறுக்கத் தேவையில்லை.

#24 | மூணாவது_ஸ்லிப்

அதேதான். கட்டைவிரலைத் தையலுக்கு அடியில் கொண்டுவந்து, பிடியைத் தளர்த்தச் சொல்லுங்கள். வீசும் முன் விரல் நுனியைத் துண்டில் நன்றாக உலர்த்தட்டும், வியர்வை விரலோடு பூச்சுப் பந்து சோப்புக்கட்டி மாதிரி. முதல் வாரம் புது வெள்ளைப் பந்து வேண்டாம், பத்து ஓவர் ஓடிய வெள்ளைப் பந்தில் படுத்துச் சுண்டும் பயிற்சியிலிருந்து தொடங்கட்டும். 37 பிரேம் 28-க்கு இறங்கிய பிறகு புதுப் பந்தைக் கொடுங்கள். ஆடுகளத்தில் ஆஃப் ஸ்டம்புக்கு நேர், பேட்ஸ்மேனின் கிரீஸிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் ஒரு துண்டை விரித்து அதில் விழவைக்கச் சொல்லுங்கள். வேகத்தை அளக்கும் கருவியை அந்த வாரம் பையிலேயே வைத்திருங்கள்.